ஓவர்கிளாக் சூடு: கூலரை மாற்றும் முன் கிராஃபைப் பாருங்கள்

"ப்ரோ, கேம் ஆடும்போது 88 டிகிரி போகுது. பெரிய கூலரா ஒண்ணு வாங்கிரட்டுமா?" ஓவர்கிளாக் செய்கிற, அதாவது கணினியின் பிராசசரை அதன் இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டுகிற நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "88-க்குப் போக எவ்ளோ நேரம் ஆச்சு?" பெரும்பாலானவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது. உச்ச டிகிரியை மட்டும் பார்த்து வைத்திருப்பார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் போதவில்லையா, அதற்கடியில் தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா, கேபினட்டுக்குள் காற்று ஓடவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வேகத்தில் ஏறியது என்று தெரிந்தால் ஓரளவு நிச்சயமாகவே சொல்லிவிடலாம்.

பிராசசரில் பிறக்கும் சூடு அறைக் காற்றில் போய்க் கலப்பதற்குள் பல கை மாறுகிறது. சிலிக்கான் சில்லிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடிக்கு. மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாகக் கூலரின் அடித்தட்டுக்கு. அங்கிருந்து ஹீட்பைப் என்ற சூடு கடத்தும் குழாய் அல்லது நீர் சுமந்துபோய்த் தகடுகளில் சேர்க்கும். ஃபேன் அதைக் காற்றில் தள்ளும். கடைசியாகக் கேபினட் ஃபேன் வெளியே தள்ளும். ஒவ்வொன்றும் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. சில்லு ஒரு நொடிக்குள் சூடாகிவிடும். செம்பு அடித்தட்டுக்கும் தகடுகளுக்கும் ஓரிரு நிமிடம். வாட்டர் கூலரில் உள்ள நீர் ஒரு நிலைக்கு வர கால் மணியிலிருந்து அரை மணி நேரம். கதவு மூடிய அறையின் காற்றுக்கு அதற்கும் மேல். எனவே டிகிரி எந்த நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், சூடு எந்தக் கையில் தேங்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், சென்சார் அளவுகளைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருள் போதும். அது இயல்பாக 2 நொடிக்கு ஒருமுறைதான் சென்சாரைப் படிக்கும். அதை அரை நொடியாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் பாய்ச்சல் கண்ணில் படாது. கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளின் மல்டிகோர் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூன்று இடங்களில் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் 3 நொடியில், 2-ஆவது நிமிடத்தில், கடைசியில். பிறகு சோதனையை நிறுத்தி, நிறுத்திய அடுத்த நொடியிலேயே எத்தனை டிகிரி சடாரென்று விழுகிறது என்பதையும் பாருங்கள். ஏறும்போது பாய்ந்த அளவும் இறங்கும்போது விழுந்த அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

இப்போது நான் வைத்திருப்பது ஏ.எம்.டி.-யின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர். மேலே 360 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் தகட்டுத் தொகுதி) கொண்ட வாட்டர் கூலர். அறை 28 டிகிரியில் இருந்தபோது எடுத்த கணக்கு இது: சும்மா இருக்கையில் 42, லோடு (வேலைச்சுமை) விழுந்த 3 நொடிக்குள் 74, 2 நிமிடத்தில் 78, அரை மணி கழித்து 83. மொத்தம் ஏறிய 41 டிகிரியில் 32 டிகிரி முதல் 3 நொடியிலேயே ஏறிவிட்டது. இதைவிடப் பெரிய ரேடியேட்டரைப் போட்டாலும் அந்த 32-இல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையாது. அந்த நேரத்துக்குள் சூடு ரேடியேட்டரை எட்டவேயில்லை.

இந்தச் சிப்பில் இப்படித்தான் இருக்கும் என்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. கணக்கிடும் பகுதிகளான எட்டுக் கோர்களும் சுமார் 81 சதுர மி.மீ. பரப்புள்ள ஒரே சில்லில் உட்கார்ந்திருக்கின்றன, சுண்டுவிரல் நகம் அளவுதான் இடம். சிப்புக்கு நிர்ணயித்த மின்வரம்பு 142 வாட். அதில் பெரும்பகுதி அந்த நக அளவு இடத்தில்தான் எரிகிறது, சதுர மில்லிமீட்டருக்கு ஒரு வாட்டுக்கும் மேல். அவ்வளவு சூடு அவ்வளவு சிறிய வாசல் வழியாக வெளியேற வேண்டும். வாசலுக்கு வெளியே எவ்வளவு பெரிய மைதானம் இருந்தாலும் நெரிசல் வாசலில்தான்.

முதல் பாய்ச்சல் பெரிதாக இருந்தால் நான் முதலில் கை வைப்பது வோல்டேஜில். பிராசசர் எரிக்கும் மின்சக்தி கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். ஓவர்கிளாக் செய்யும்போது இரண்டையும் சேர்த்து ஏற்றுகிறோம், அதனால்தான் சூடு நாம் நினைப்பதைவிட வேகமாக ஓடுகிறது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது முன்பு வைத்திருந்த இன்டெல் பிராசசர் கோர் ஐ7-8700கே. ஆறு கோர்களும் சேர்ந்து ஓடும்போது அதன் இயல்பான வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், என் சிப்புக்கு அந்த வேகத்தில் 1.15 வோல்ட் போதுமாக இருந்தது. 4.8 கிகாஹெர்ட்ஸை 1.22 வோல்ட்டில் தாங்கியது. 5.0-க்கு 1.35 வோல்ட் கேட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.3-இலிருந்து 4.8-க்குப் போனால் வேகம் 12 சதவீதம் கூடுகிறது, சூடு 26 சதவீதம். 5.0-க்குப் போனால் வேகம் 16 சதவீதம், சூடு 60 சதவீதம். அதாவது அந்தக் கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காக, 4 சதவீத வேகத்துக்காக, சூட்டை இன்னொரு 27 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதில் சில்லு சூடாகச் சூடாகக் கசியும் மின்சாரமும் கூடும் என்பதைச் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். கேமில் கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 4 சதவீதம் ஃபிரேம் கணக்கில் தெரியவே தெரியாது. அந்தக் கணினி என்னிடம் இருந்த காலம் முழுக்க 4.8-இலேயே ஓடியது.

ஒவ்வொரு சிப்பிலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கும். அதுவரை வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும், அதன் பிறகு ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் அள்ளிக்கேட்கும். அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் நான் ஓவர்கிளாக்கிங்கின் முக்கிய வேலையாக நினைக்கிறேன். வேகத்தை 100, 100 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிலையாக ஓடத் தேவையான மிகக் குறைந்த வோல்டேஜை எழுதி வையுங்கள். எழுதிய தாளைப் பார்த்தாலே எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

மதர்போர்டின் 'ஆட்டோ' வோல்டேஜை நம்பாதீர்கள். எந்தச் சிப்பைப் போட்டாலும் கிராஷ் ஆகக்கூடாது என்பதற்காகத் தாராளமாகக் கொடுப்பது அதன் இயல்பு. உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். வேகத்தை மாற்றாமல், கையால் 0.01, 0.02 வோல்ட் என்று குறைத்துக்கொண்டே வந்து பாருங்கள். லோடு ஏறும்போது வோல்டேஜ் சற்றுத் தாழ்வது இயல்பு. அதை ஈடுகட்ட லோடு லைன் கேலிப்ரேஷன் என்று பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஓர் அமைப்பு உண்டு. பலர் அதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த அளவைத் தாண்டி மேலே எகிறும். நடுத்தர அளவே நல்லது.

ரைசன் 5000 வரிசையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டினால் ஒற்றைக் கோர் எட்டும் உயர்ந்த பூஸ்ட் வேகம் போய்விடும், கேமுக்கு அதுதான் முக்கியம். பயாஸில் பி.பி.ஓ. என்ற ஏ.எம்.டி.-யின் ஓவர்கிளாக் பகுதியைத் திறந்து, அதில் கோரின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் மதிப்பு கொடுப்பதுதான் வழி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்வரம்பை அப்படியே விட்டுவிட்டு மைனஸ் மட்டும் கொடுத்தால், மிச்சமாகும் மின்சாரத்தைச் சிப் வேகமாக மாற்றிக்கொள்ளும், டிகிரி குறையாது. சூடு குறைய வேண்டுமென்றால் வரம்பையும் இறக்க வேண்டும். நான் 142 வாட்டை 120 ஆக்கினேன். அரை மணி முடிவில் 83 இருந்தது 75-க்கு இறங்கியது, சினிபெஞ்ச் மதிப்பெண் பழைய இடத்திலேயே நின்றது.

வோல்டேஜைக் குறைத்த பிறகு நிலைத்தன்மையைச் சோதிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரைம்95 என்ற கடும் சோதனையை மணிக்கணக்கில் தாங்கிய கணினி, பிரவுசரைத் திறந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கர்வ் ஆப்டிமைசரில் இது சகஜம். முழு லோடில் கோர்கள் தாழ்ந்த வேகத்தில் ஓடுகின்றன. ஒற்றைக் கோர் உச்ச பூஸ்டுக்குத் தாவும் கணத்தில்தான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அதனால் கோரைத் தனித்தனியாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் எந்தக் கோர் தவறியது என்று பார்த்து அதற்கு மட்டும் மைனஸைக் குறைப்பேன். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிராஷ் ஆகாமலே பிழைகள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் அங்கே தெரியும். அப்படி ஒரு வரி இருந்தாலும் அந்த அமைப்பை நிலையானது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

வோல்டேஜைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் சூடு மட்டுமில்லை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் நிலைத்தன்மைச் சிக்கல் எழுந்தபோது, மைக்ரோகோடு (சிப்பின் உள் கட்டுப்பாட்டு நிரல்) தேவைக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதை இன்டெல்லே ஒரு காரணமாகச் சொன்னது. 2024 ஆகஸ்டிலும் அதற்குப் பின்பும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன, வாரண்டியும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. அந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தொடுமுன்னும் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். டிகிரி கட்டுக்குள் இருந்தாலும் அதிக வோல்டேஜ் சிப்பைத் தின்னும்.

அடுத்தது பேஸ்ட். முதல் 3 நொடிப் பாய்ச்சல் வோல்டேஜைக் குறைத்தும் அடங்கவில்லை, அல்லது ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் மற்றவற்றைவிட 10, 15 டிகிரி மேலே நிற்கின்றன என்றால் மூடிக்கும் கூலருக்கும் நடுவே சரியான ஒட்டு இல்லை என்று சந்தேகப்படலாம். கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் லோடில் ஓட்டி, பேஸ்ட் இளகிய பின் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரைசன் 5000 உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட்டில் கூலரை நேராக மேலே இழுத்தால் சிப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், அடியிலிருக்கும் பின்கள் வளையும். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருக வேண்டும். பிடிப்பு விடுவது கையிலேயே தெரியும். பிறகு தூக்குங்கள்.

தூக்கியதும் துடைத்துவிடாதீர்கள். மூடியின் மேலும் அடித்தட்டின் மேலும் பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. நடுவில் உலோகம் நிழலாகத் தெரியுமளவுக்கு மெல்லிய படலமும், ஓரங்களில் பிதுங்கிய வரம்பும் இருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் மெலிந்தும் எதிர்ப்பக்கம் தடித்தும் இருந்தால் ஸ்க்ரூ சமமாக இறுகவில்லை. மூலையில் பேஸ்டே படாமல் மூடி பளிச்சென்று இருந்தால் வைத்த அளவு போதவில்லை. நடுப்பகுதி வறண்டு, பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றால், சூடாகியும் ஆறியும் உலோகம் விரிந்து சுருங்கியதில் அது வெளியே தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். நண்பர் ஒருவரின் கணினியில் நான் பார்த்தது இரண்டாவது வகை: ஒரு பக்கம் தாள் போல மெலிந்து, மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தடிமன். மூலைக்கு மூலை எதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று வீதம் இறுக்கிக்கொண்டு வந்தோம். பாய்ச்சல் 11 டிகிரி குறைந்தது. அதே கூலர், அதே பேஸ்ட் டியூப்.

எந்த பிராண்டு பேஸ்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) சுமார் 400, பேஸ்டுகளுடையது பத்தைச் சுற்றி, காற்றினுடையது 0.026. பேஸ்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய குழிகளிலிருந்து காற்றை விரட்டுவது. ஆகவே படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது, அதைக் கொடுப்பது சமமான அழுத்தம். அளவு கொஞ்சம் கூடினால் பிதுங்கி வெளியே போய்விடும், குறைந்தால்தான் ஆபத்து. பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அடிக்கடி கழற்ற விரும்பாதவர்களுக்கு, சூட்டில் இளகிப் படியும் ஃபேஸ் சேஞ்ச் பேட் நல்ல தேர்வு. அது பேஸ்ட் போல எளிதில் ஒதுங்கிப் போகாது. லிக்விட் மெட்டலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும். மூடியைப் பிளந்து உள்ளே பேஸ்டை மாற்றும் டீலிட் வேலையும் அப்படித்தான். 8700கே காலத்துச் சிப்புகளில் மூடிக்கு அடியில் பேஸ்ட் இருந்ததால் அதில் ஒரு பயன் இருந்தது. 2018-இல் வந்த 9900கே முதல் உள்ளே பேஸ்டுக்குப் பதில் சால்டர் (உருக்கி ஒட்டிய உலோகம்) வந்துவிட்டது, ரைசன் 5000 டெஸ்க்டாப் சிப்புகளிலும் சால்டர்தான். இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் மட்டும் சிப்பை அழுத்திப் பிடிக்கும் கிளிப் மூடியை லேசாக வளைப்பதுண்டு. அந்தக் கிளிப்புக்குப் பதிலாகச் சமமாக அழுத்தும் கான்டாக்ட் ஃபிரேம் போட்டால் சில டிகிரி கிடைக்கும்.

இனி மெதுவாக ஏறும் பகுதி. 2-ஆவது நிமிடத்துக்கும் அரை மணிக்கும் நடுவே டிகிரி ஏறிக்கொண்டே போகிறதென்றால் சூடு சிப்பை விட்டு வந்துவிட்டது, வெளியேற இடமில்லாமல் நீரிலோ கேபினட்டிலோ அறையிலோ சேர்கிறது. இங்கேதான் பெரிய ரேடியேட்டர், கூடுதல் ஃபேன் எல்லாம் பலன் தரும். வாட்டர் கூலரை ஐந்து நிமிட சோதனையில் எடைபோடாதீர்கள். நீர் இன்னும் சூடேறியே இருக்காது, எந்தக் கூலரும் பிரமாதமாகத்தான் தெரியும். பம்ப் இருக்கும் இடத்தையும் பாருங்கள். காலப்போக்கில் குழாய் வழியாக நீர் கொஞ்சம் ஆவியாகி உள்ளே காற்றுக் குமிழி சேரும்; அது எப்போதும் உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் ரேடியேட்டரின் ஒரு முனையாக இருக்க வேண்டும். பம்ப் அங்கே இருந்தால் கொடகொடவென்று சத்தம் போட்டு, காற்றை மென்று, சீக்கிரம் போய்விடும்.

சினிபெஞ்சில் நன்றாக இருந்து கேமில் மட்டும் சூடு ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். கேமில் பிராசசர் 80, 90 வாட்தான் எரிக்கும், ஆனால் கார்டு 300 வாட்டைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. பிராசசர் கூலர் உறிஞ்சுவது அந்தச் சூடான காற்றை. கண்டுபிடிக்க எளிய வழி: அதே கேமை அதே இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் கூலரின் மேல் குற்றமில்லை, கேபினட்டுக்கு மூச்சு முட்டுகிறது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 450 வாட்டை, காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியே கொண்டுபோக நிமிடத்துக்குச் சுமார் 2.2 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். ஒரு 120 மி.மீ. ஃபேனின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காற்றின் அளவு, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் சுழலும்போது எடுத்தது. தூசு வடிகட்டிக்கும் முகப்புக் கண்ணாடிக்கும் பின்னால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து ஓரத்தில் மட்டும் கீற்று விட்ட கேபினட்டுகளில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் இதனால்தான் பலன் குறைகிறது. வலைபோட்ட முகப்பு எனக்கு அழகைவிட முக்கியம்.

வேகத்தைக் கூட்டுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், ஆனால் அது இழுக்கும் மின்சக்தி எட்டு மடங்காகும், சத்தம் 15 டெசிபல் அளவுக்கு ஏறும். 800 ஆர்.பி.எம்.-இல் இரண்டு ஃபேன்களை ஓட்டுவது 1600-இல் ஒன்றை ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

காற்று எங்கே போகிறது என்று ஊகிக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு துவாரத்திலும் பிடித்துப் பாருங்கள். என் கேபினட்டின் மேல்பக்கம் முன்மூலையில் இருந்த ஃபேனிடம் பிடித்தபோது துண்டு படபடவென்று மேலே பறந்தது; அரை அடி தள்ளி, கூலர் இருக்கும் இடத்தில் அசையவேயில்லை. முகப்பு ஃபேன் கொண்டுவந்த குளிர்ந்த காற்றைக் கூலரை எட்டும் முன்பே அந்த மேல்மூலை ஃபேன் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி அந்த இடத்தை மூடினேன். ஒரு ஃபேன் குறைந்தது, கேமில் பிராசசரும் 3 டிகிரி குறைந்தது.

அறை வெப்பநிலையை எழுதாமல் எந்த டிகிரியையும் ஒப்பிடாதீர்கள். சாதாரணக் கூலர் எதுவும் சிப்பை அறைக் காற்றுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 22-இல் எடுத்த 75-உம் அறை 34-இல் எடுத்த 87-உம் ஒரே கூலரின் ஒரே செயல்பாடுதான். ஓவர்கிளாக்கை ஆண்டின் மிகச் சூடான நாளுக்குச் சரிசெய்து வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 500 வாட் எரிக்கும் கணினி அந்த 500 வாட்டையும் அறைக்குள்ளேதான் விடுகிறது. ஒரு டன் ஏசியின் திறன் சுமார் 3.5 கிலோவாட், அதில் ஏழில் ஒரு பங்கைக் கணினி ஒன்றே தின்றுவிடும்.

எத்தனை டிகிரி வரை போகலாம் என்பது சிப்பைப் பொறுத்தது. 5800எக்ஸுக்கு எல்லை 90, இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகள் பலவற்றுக்கு 100. ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகள் முழு லோடில் 95-ஐத் தொடும்படியே வடிவமைக்கப்பட்டவை. 7800எக்ஸ்3டி-க்கு 89. எல்லையைத் தொட்டால் சிப் எரிந்துபோகாது, வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் அப்படித் திராட்டில் ஆகும் ஓவர்கிளாக்குக்கு அர்த்தமில்லை. நான் வைத்திருக்கும் அளவு கேமில் 75-க்குள், கடுமையான சோதனையில் எல்லைக்கு 8, 10 டிகிரி கீழே. பயாஸில் வெப்ப வரம்பை 85 என்று நானே பூட்டியும் வைத்திருக்கிறேன். ரைசன் வைத்திருப்பவர்கள் எச்.டபிள்யூ.இன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியையும் பாருங்கள். வோல்டேஜ் போதாதபோது சிப் 4.8 என்று காட்டிக்கொண்டே உண்மையில் 4.5-இல் ஓடும். முழு லோடில் இரண்டு எண்களும் விலகி நின்றால் அந்த ஓவர்கிளாக் பெயரளவுக்குத்தான்.

எந்த டிகிரியில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற ஃபேன் கர்வை அமைப்பதிலும் ஏறும் வேகம் உதவுகிறது. பிராசசர் டிகிரிக்கு நேராக ஃபேனைக் கட்டிவைத்தால், ஒரு ஃபோல்டரைத் திறந்தாலே சிப் 60-க்குப் பாயும், ஃபேன்கள் சீறி அடங்கும். அந்தப் பாய்ச்சலை ஃபேனால் தடுக்க முடியாது என்று பார்த்தோம். ஆகவே நீரின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார் இருந்தால் ரேடியேட்டர் ஃபேன்களை அதோடு கட்டுங்கள். காற்றுக் கூலர் என்றால் பயாஸில் ஃபேன் தாமதத்தைச் சில நொடிகள் கூட்டிவையுங்கள். 70 டிகிரி வரை கர்வைத் தட்டையாகவே விடலாம். கேபினட் ஃபேன்களைக் கிராஃபிக்ஸ் கார்டின் டிகிரியோடு இணைப்பதே பொருத்தம், அங்கேதான் அதிக வாட்.

எல்லாம் சரியாக அமைந்த நாளில் ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்: அரை மணி முடிவின் டிகிரியிலிருந்து அறை டிகிரியைக் கழித்து, அந்த நேரத்தில் சிப் எரித்த வாட்டால் வகுக்க வேண்டும். என்னுடையது 83-இலிருந்து 28-ஐக் கழித்தால் 55, வகுத்தல் 142, அதாவது 0.39. அறை சூடாக இருந்தாலும் குளிர்ந்தாலும், வாட் கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. 120 வாட்டில் எடுத்தபோதும் 0.39-தான் வந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை இதே சோதனையை ஓட்டுங்கள். 0.45 பக்கம் போய்விட்டால் எங்கோ ஏதோ அடைத்திருக்கிறது. முதல் 3 நொடிப் பாய்ச்சல் கூடியிருந்தால் பேஸ்டை மாற்றுங்கள். அது அப்படியே இருந்து கடைசி டிகிரி மட்டும் ஏறியிருந்தால் முதலில் பம்ப் ஆர்.பி.எம். பழைய அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே படிந்த தூசைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தன் வேகத்துக்கு மீறிச் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும்.